ஈயச்சொம்பு வாங்கும் முன்: குழந்தைக்குக் காத்திருக்கும் வீட்டுக்கு ஒரு மதிப்பீடு

பொருள்: ரசம் வைக்கும் ஈயச்சொம்பு, முக்கால் லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை
கிடைக்கும் இடம்: மயிலாப்பூர் மாட வீதிகள், தி.நகர், புரசைவாக்கம், பாரிமுனை பாத்திரக் கடைகள், ஆன்லைனிலும் உண்டு

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். சுத்த வெள்ளீயத்தில் செய்த சொம்பு அருமையான ரசப் பாத்திரம். ஆனால் கடையில் நிற்கும் ஒருவர், கையில் இருப்பது சுத்த வெள்ளீயமா, காரீயம் கலந்ததா என்று பார்வையால் சொல்லவே முடியாது. விற்பவருக்கும் பெரும்பாலும் தெரியாது. எனவே குழந்தைக்குத் திட்டமிடும் நாளிலிருந்து தாய்ப்பால் நிறுத்தும் நாள் வரை, ஆய்வக அறிக்கை இல்லாத ஈயச்சொம்பு அந்த வீட்டு அடுப்பில் ஏறக் கூடாது.

குழப்பம் பெயரிலேயே தொடங்குகிறது. தமிழில் ஈயம் என்ற ஒரே சொல் இரண்டு உலோகங்களைக் குறிக்கிறது. வெள்ளீயம் வேறு, காரீயம் வேறு. ஈயச்சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. பித்தளைப் பாத்திரத்துக்குள் பூசுவதும் வெள்ளீயம்தான். உணவோடு கொஞ்சம் உள்ளே போனாலும் வெள்ளீயம் உடம்பில் பெரிதாகத் தங்குவதில்லை. காரீயம் பேட்டரியிலும் பழைய பெயின்டிலும் இருப்பது, நஞ்சு. எந்த அளவு வரை உடம்புக்குள் போனால் பாதகமில்லை என்று ஒரு எல்லையே கண்டறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்த இரண்டும் எளிதில் ஒன்றோடொன்று கலக்கும். கலந்த பிறகும் அதே வெள்ளி நிறம், அதே மென்மை.

ஏன் கலக்க வேண்டும்? விலைதான். 2024-இல் உலகச் சந்தையில் வெள்ளீயம் டன் 30,000 டாலரை ஒட்டியும், காரீயம் 2,000 டாலரை ஒட்டியும் விற்றன. ஏறக்குறைய 15 மடங்கு வித்தியாசம். ரூபாயில் பார்த்தால் அந்த ஆண்டு வெள்ளீயம் கிலோ 2,500 ரூபாயை ஒட்டி விற்றது. அது வெறும் உலோக விலை. அந்த விலையில் அரை கிலோ எடையுள்ள ஒரு சொம்புக்கு உலோகம் மட்டுமே 1,250 ரூபாய் ஆனது. அதன்மேல் வரி, வார்ப்புக் கூலி, கடைக்காரர் லாபம். அதே எடைச் சொம்பு 700, 800 ரூபாய்க்குக் கிடைக்கிறது என்றால், பேரம் படிந்தது என்று மகிழ வேண்டாம். உள்ளே வேறு ஏதோ இருக்கிறது. விலை அதிகமாக இருந்தால் சுத்தம் என்றும் பொருளில்லை. குறைந்த விலை சந்தேகத்தை உறுதிப்படுத்தும். கூடிய விலை சந்தேகத்தைத் தீர்க்காது. கலப்படம் எப்போதும் தெரிந்தே நடப்பதும் இல்லை. பழைய பாத்திரம், பற்றவைக்கும் ஈயம் எல்லாவற்றையும் சேர்த்து உருக்கினால் காரீயம் தானாகவே வந்து சேரும். மின்சாதனங்களில் பற்றவைக்கப் பயன்பட்டுவந்த கம்பியில் பத்தில் நான்கு பங்கு காரீயம்.

முதலில் பாத்திரமாக இதன் நிறைகுறைகளைப் பார்ப்போம். ருசி கற்பனை அல்ல. புளியும் தக்காளியும் சேர்ந்த தண்ணீரில் வெள்ளீயம் மிகச் சிறிதளவு கரைகிறது. கரைந்தது ஆக்சிஜனை முதலில் தான் பிடித்துக்கொள்கிறது. அதனால் மணமும் நிறமும் சீக்கிரம் மங்குவதில்லை. அன்னாசித் துண்டு, தக்காளி போன்ற டின்களின் உட்புறத்தை வெள்ளீயமாகவே விட்டுவைக்கும் வழக்கத்துக்கும் இதுவே காரணம். ஆனால் ராத்திரி முழுக்க ரசத்தைச் சொம்பிலேயே வைத்தால் கரைவது கூடிவிடும், வயிற்றைப் புரட்டும். நுரை கூடியதும் இறக்கி, பரிமாறும் பாத்திரத்துக்கு மாற்றிவிட வேண்டும்.

கையாள்வதுதான் கஷ்டம். வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும். காஸ் அடுப்பின் தீ அதைவிடப் பல மடங்கு சூடு. உள்ளே தண்ணீர் இருக்கும்வரை உலோகம் நூறு டிகிரியை ஒட்டியே நிற்கும், அதனால்தான் சொம்பு பிழைக்கிறது. புளித்தண்ணீர் ஊற்றிய பிறகே அடுப்பைப் பற்ற வையுங்கள். தீ சொம்பின் அடியைத் தாண்டி பக்கவாட்டில் ஏறக் கூடாது. தண்ணீர் மட்டத்துக்கு மேலே உள்ள விளிம்புதான் முதலில் வளையும். தாளிப்பு தனிக் கரண்டியில். சொம்பிலேயே நெய்யைக் காயவிட்டால் அடி போய்விடும். இண்டக்‌ஷன் அடுப்பில் இது வேலை செய்யாது. தேய்க்கும்போது கம்பி நார் வேண்டாம். புளியும் சாம்பலும் போட்டுத் துணியால் தேய்த்தால் போதும்.

ஓட்டை விழுந்த சொம்பைப் பற்றவைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். பற்றவைப்பது பெரும்பாலும் காரீயம் கலந்த கம்பியால்தான். அதுவரை சுத்தமாக இருந்த சொம்பு அந்த ஒரு பொட்டினால் கெட்டுப்போகும். பாட்டி கொடுத்த சொம்பு என்று நம்புபவர்கள், அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். அடியில் வேறு பளபளப்போடு ஒரு தழும்பு தெரிந்தால் அதை அலமாரியில் நினைவாக வைத்துக்கொள்ளலாம், அடுப்புக்கு வேண்டாம்.

ஏன் பெண்களுக்குத் தனியாகச் சொல்கிறோம்

காரீயம் எல்லோருக்கும் கேடு. கருவுறப் போகும் பெண்ணுக்கு அது இரண்டு முறை கேடு செய்கிறது: ஒன்று சாப்பிடும்போது, மற்றொன்று பல ஆண்டு கழித்து.

ரத்தத்தில் உள்ள காரீயம் ஏறக்குறைய ஒரு மாதத்தில் பாதியாகிவிடும். ஆனால் உடம்பு அதைக் கால்சியம் என்று தவறாக எடுத்துக்கொண்டு எலும்பில் சேர்த்துவைக்கிறது. பெரியவர்கள் உடம்பில் உள்ள காரீயத்தில் 90 சதவீதத்துக்கும் மேல் எலும்பில்தான் இருக்கிறது. அங்கே அது 10 முதல் 30 ஆண்டு வரை தங்கும். கர்ப்ப காலத்தில் குழந்தையின் எலும்புக்குக் கால்சியம் தேவைப்படும்போது தாயின் எலும்பு கரைந்து கொடுக்கிறது. கூடவே பழைய காரீயமும் ரத்தத்துக்கு வருகிறது. நஞ்சுக்கொடி அதைத் தடுப்பதில்லை. தொப்புள்கொடி ரத்தத்தில் உள்ள அளவு தாயின் அளவை நெருங்கியே இருக்கும். பால் கொடுக்கும் மாதங்களில் எலும்பு இன்னும் கூடுதலாகக் கரைகிறது. அதாவது, மூன்றாம் மாதம் சோதனையில் தெரிந்த பிறகு சொம்பை மாற்றினால் போதும் என்று நினைப்பது தாமதம். மாற்ற வேண்டிய நேரம் கல்யாணச் சீர் வாங்கும் நேரம்.

விளைவுகள் என்ன? கரு கலைதல், குறைமாதப் பிரசவம், எடை குறைந்த குழந்தை, தாய்க்கு ரத்த அழுத்தம், பிறகு குழந்தையின் மூளை வளர்ச்சியில் பின்னடைவு. மெக்சிகோ நகரத்தில் கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்து 1999-இல் வெளியான ஓர் ஆய்வில், ரத்தக் காரீயம் டெசிலிட்டருக்கு (100 மில்லிக்கு) 5 மைக்ரோகிராம் கூடும்போதெல்லாம் கரு கலையும் வாய்ப்பு 1.8 மடங்கானது. அங்கே பார்க்கப்பட்டவை உயர்ந்த அளவுகள்கூட அல்ல. கரு கலைந்தால், பப்பாளி சாப்பிட்டாயா, அன்னாசி சாப்பிட்டாயா, உடம்பு சூடா என்று அந்தப் பெண்ணைக் கேட்கும் வீடுகளில், ரசம் எதில் வைத்தோம் என்று யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டும். ஆண்களுக்கும் இது விந்தணுவைப் பாதிக்கும் உலோகம். கணவர் சாப்பிடும் ரசமும் அதே சொம்பிலிருந்துதான் வருகிறது.

நம் ஊரில் இன்னொரு சிக்கல் ரத்தசோகை. குடலில் இரும்புச் சத்தும் காரீயமும் ஏறக்குறைய ஒரே வாசல் வழியாகத்தான் நுழைகின்றன. இரும்பு குறைவாக இருந்தால் உடம்பு அந்த வாசலை அகலத் திறக்கிறது. காரீயமும் சேர்ந்து கூடுதலாக நுழைகிறது. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருப்பதாக 2019–21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. வெறும் வயிற்றிலும் காரீயம் கூடுதலாக உறிஞ்சப்படும். ஜலதோஷத்துக்கு வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் ரசம் குடிப்பதும், பிள்ளை பெற்றவளுக்கு நாள் தவறாமல் பூண்டு மிளகு போட்டுப் பத்திய ரசம் கொடுப்பதும் நல்ல பழக்கங்கள். பாத்திரம் சரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அளவைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். கருத்தரிக்கும் வயதுள்ள பெண்ணுக்கு உணவு வழியாக நாளொன்றுக்கு 8.8 மைக்ரோகிராமுக்கு மேல் காரீயம் போகக் கூடாது என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஒரு குறியளவு வைத்திருக்கிறது. அரை கிலோ சொம்பில் காரீயம் வெறும் 1 சதவீதம் என்று வைத்துக்கொண்டாலும் அதில் 5 கிராம் காரீயம் இருக்கிறது; மைக்ரோகிராமில் 50 லட்சம். அதில் மிகச் சொற்பமே தினமும் கரைந்தாலும் அன்றைய 8.8-ஐ எளிதில் தாண்டிவிடலாம். புளியில் இருக்கும் டார்டாரிக் அமிலம் காரீயத்தைப் பிடித்து இழுப்பதில் கெட்டிக்காரன் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடையில் செய்யும் சோதனைகள்

காகிதத்தில் தேய்த்துக் காட்டுவார்கள். பென்சில் கோடு போலச் சாம்பல் நிறக் கோடு விழுந்தால் காரீயம் நிறைய இருக்கிறது, வைத்துவிட்டு வந்துவிடலாம். கோடு விழாவிட்டால் எதுவும் நிரூபணமாகவில்லை. குறைந்த கலப்பு கோடு போடாது. மெல்லிய தகட்டை வளைத்தால் நறநறவென்று சத்தம் வருவது வெள்ளீயத்தின் குணம், உண்மைதான். ஆனால் செய்து முடித்த சொம்பை யாரும் வளைத்துக் காட்டப் போவதில்லை.

வீட்டில் செய்யக்கூடிய உருப்படியான சோதனை அடர்த்தி பார்ப்பது. 1 கிராம் துல்லியமுள்ள சமையலறை டிஜிட்டல் தராசு போதும். முதலில் சொம்பைக் காய்ந்த நிலையில் எடை போட்டு எழுதிக்கொள்ளுங்கள். அடுத்து, தராசு தாங்கும் எடைக்குள் வருமாறு, சொம்பு முழுதாக மூழ்கும் அளவு தண்ணீருள்ள பிளாஸ்டிக் பாத்திரத்தைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்குங்கள். சொம்பை மெல்லிய நூலில் கட்டி, சாய்த்து, உள்ளே காற்றுக் குமிழ் தங்காமல் முழுக்க மூழ்கவிடுங்கள். அடியிலும் சுவரிலும் படாமல் தொங்க வேண்டும். இப்போது தராசு காட்டும் எண்தான் சொம்பு விலக்கிய தண்ணீரின் எடை. முதல் எடையை அதால் வகுத்தால் அடர்த்தி. சுத்த வெள்ளீயம் 7.3. 500 கிராம் சொம்பு என்றால் தராசு 68 அல்லது 69 காட்ட வேண்டும். பத்தில் ஒரு பங்கு காரீயம் இருந்தால் 66, ஐந்தில் ஒரு பங்கு என்றால் 63 அல்லது 64, பற்றவைக்கும் ஈயம் மாதிரி பத்தில் நான்கு பங்கு என்றால் 59-க்குக் குறையும். குமிழ் தங்கினால் எண் கூடிக் காட்டும். கெட்ட சொம்பு நல்லது போலத் தெரியும். ஆகவே மூன்று முறை செய்து, கிடைத்ததில் சிறிய எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சோதனைக்கு ஒரு வரம்பு உண்டு. 1 சதவீதக் கலப்பை இது காட்டவே காட்டாது. 500 கிராமில் கால் கிராம் வித்தியாசத்தைச் சமையலறைத் தராசு அறியாது. ஒரு சொம்பைத் தள்ளுவதற்கு இது உதவும், ஏற்பதற்கு உதவாது. ஆன்லைனில் விற்கும், தடவினால் சிவப்பாகும் பஞ்சுக் குச்சிகளும் அப்படித்தான்.

நகைக்கடைகளிலும் ஹால்மார்க் மையங்களிலும் இருக்கும் எக்ஸ்‌ரே இயந்திரத்தில் வைத்துப் பார்க்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். அது தங்கத்துக்காகச் சீரமைத்த கருவி. காரீயம் இருக்கிறது என்று காட்டினால் எடுத்துக்கொள்ளலாம். அது காட்டும் சதவீதத்தையோ, இல்லை என்று சொல்வதையோ நம்பி வாங்க வேண்டாம்.

கடைசி வழி ஆய்வகம். கிண்டி, அம்பத்தூர் பக்கம் என்ஏபிஎல் (ஆய்வகங்களின் தரத்தைச் சரிபார்க்கும் தேசிய வாரியம்) அங்கீகாரம் பெற்ற தனியார் ஆய்வகங்கள் உண்டு. போகும்போது ‘ஈயம் டெஸ்ட்’ என்று மட்டும் கேட்காதீர்கள். வெள்ளீயத்தின் அளவைச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். ‘4 சதவீத அசெட்டிக் அமிலத்தை ஊற்றி 24 மணி நேரம் வைத்து, கரைந்து வரும் காரீயத்தை லிட்டருக்கு எத்தனை மைக்ரோகிராம் என்று சொல்லுங்கள்’ என்று கேளுங்கள். அமிலத்தைக் கொதிக்கவைத்தும் ஒரு முறை பார்க்கச் சொன்னால் ரசத்துக்கு இன்னும் நெருக்கம். வரும் எண்ணை 0.2-ஆல் பெருக்கினால் 200 மில்லி ரசத்தில் எவ்வளவு என்று கிடைக்கும். லிட்டருக்கு 44 வந்தாலே 8.8 ஆகிவிடுகிறது. எங்கள் அளவுகோல் அதைவிடக் கறார்: குடிதண்ணீருக்கு இந்தியத் தரநிலை அனுமதிக்கும் 10 மைக்ரோகிராமைத் தாண்டினால் அந்தச் சொம்பை வீட்டில் வைத்திருக்க வேண்டாம். சோதனைக் கட்டணம் சொம்பின் விலையை விடக் கூடினாலும் ஆச்சரியமில்லை. அந்தச் செலவு வேண்டாம் என்று தோன்றினால் சொம்பையே விட்டுவிடுங்கள்.

கடைக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி பயன்படும். “அண்ணா, சுத்த வெள்ளீயம், காரீயம் கலக்காததுன்னு பில்லுல எழுதித் தருவீங்களா?” எழுதித் தருபவரிடம் வாங்கி ஆய்வகத்துக்குக் கொடுக்கலாம்; தவறாக இருந்தால் திருப்பித் தர ஆதாரம் இருக்கும். “கும்பகோணம் சரக்கும்மா, நம்பி வாங்குங்க” என்பது பதில் ஆகாது. ஸ்டீல், அலுமினியப் பாத்திரங்களுக்கு ஐஎஸ்ஐ முத்திரையைக் கட்டாயமாக்கும் ஆணை 2024-இல் வந்தது. ஈயச்சொம்பு அதில் இல்லை. ஆகவே இந்தப் பொருளுக்கு வாங்குபவரே காவல்.

அதே கடையின் மற்ற பாத்திரங்கள்

ரசத்துக்கு எங்கள் தேர்வு 304 ரக ஸ்டீல். அடி கனமாக, ஐஎஸ்ஐ முத்திரையோடு. ருசி ஒரு மாற்றுக் குறையும், ஒப்புக்கொள்கிறோம். கொதிக்கவிடாமல் நுரை கட்டும்போதே இறக்கி மூடிவைத்தால் பாதி மணத்தை மீட்டுவிடலாம்.

இண்டாலியம் என்ற அலுமினியக் கலவையைப் பற்றி எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அது ஈயச்சொம்பைவிடப் பல மடங்கு வீடுகளில் இருக்கிறது. இண்டாலியம், ஹிண்டாலியம் என்ற பெயர்களில் வரும் சில இறக்குமதிப் பாத்திரங்களிலிருந்து காரீயம் உணவில் கசிவதாக அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2025 ஆகஸ்டில் எச்சரித்தது. பழைய வண்டி உதிரிபாகங்கள், மின்சாதனக் கழிவு எல்லாம் சேர்த்து உருக்கினால் இப்படி ஆகும். புளிக்குழம்பு, ரசம், தக்காளித் தொக்கு எதையும் அதில் வைக்க வேண்டாம்.

பித்தளையில் தகட்டை அடித்துச் செய்தது ஒரு ரகம், வார்த்தது இன்னொரு ரகம். கடைசல் எளிதாக வருவதற்காக வார்ப்புப் பித்தளையில் 2, 3 சதவீதம் காரீயம் சேர்ப்பது வழக்கம். குத்துவிளக்குக்குச் சரி, உணவுக்குச் சரியல்ல. ஈயம் பூசிய பித்தளையில் பூச்சு தேய்ந்து மஞ்சள் தெரிந்தால் மறுபடி பூசும்வரை புளி கூடாது. பூசுபவர் பாத்திரத்தைச் சூடாக்கி, நவச்சாரம் தூவி, ஈயக் கட்டியை இழுத்து, பஞ்சால் துடைப்பார். அந்தக் கட்டி எது என்பதுதான் கேள்வி. பற்றவைக்கும் ஈயத்தையே இழைத்துவிட்டுப் போனால் பூச்சு முழுக்கக் காரீயம் கலந்திருக்கும். சுத்த வெள்ளீயக் கட்டியை ரசீதோடு நீங்களே வாங்கிக் கொடுப்பது நல்லது. நவச்சாரப் புகை கிளம்பும் இடத்தில் கர்ப்பிணி நிற்க வேண்டாம். பழைய வெண்கலத்தை உருக்கி வார்த்த வெண்கலப் பானையும் இதே சந்தேகத்துக்கு உரியதுதான். வெண்பொங்கலில் புளி இல்லாததால் ஆபத்து குறைவு, அவ்வளவே. மண்சட்டி என்றால் உள்ளே பளபளக்கும் மெருகு பூசாததாகப் பாருங்கள்.

ஏற்கெனவே பல வருடமாகப் பயன்படுத்தியவர்கள்

பயப்பட வேண்டாம், ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். சென்னையின் பெரிய பரிசோதனை நிலையங்களில் ‘ரத்தத்தில் லெட் அளவு’ என்று கேட்டால் எடுப்பார்கள். விரல் நுனி ரத்தம் வேண்டாம், தோலில் உள்ள தூசியே அளவைக் கூட்டிக் காட்டும்; கை நரம்பிலிருந்து எடுக்க வேண்டும். வெறும் வயிறு தேவையில்லை.

டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமும் அதற்கு மேலும் இருந்தால் காரீயம் வரும் வழியைக் கண்டுபிடித்து நிறுத்த வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டுதல். கர்ப்பிணியின் உணவில் கால்சியம் போதாவிட்டால் மாத்திரையும் கொடுக்கச் சொல்கிறது. 45-ஐத் தொட்டால் காரீயத்தை வெளியேற்றும் மருந்து பற்றி நிபுணர் முடிவெடுக்க வேண்டும். சொம்பை நிறுத்தி மூன்று மாதம் கழித்து மறுபடி பாருங்கள். எண் இறங்கியிருந்தால் வழி அதுதான். இறங்காவிட்டால் மஞ்சள்தூள், குங்குமம், பழைய பெயின்ட் உதிரும் சுவர், வீட்டில் யாராவது பேட்டரி வேலை செய்வது என்று அடுத்தடுத்துத் தேட வேண்டும்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிக்குக் கொடுக்கும் இரும்பு மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் இந்த விஷயத்தில் உண்மையான பாதுகாப்பு. இரண்டையும் ஒரே நேரத்தில் விழுங்கினால் ஒன்று மற்றொன்றைத் தடுக்கும். சில மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். பால், தயிர், கேழ்வரகு, முருங்கைக்கீரை தினமும் இருக்கட்டும். கர்ப்பத்துக்கு முன் எடை குறைக்கிறேன் என்று பட்டினி கிடப்பது எலும்பைக் கரைக்கும் வேலை, இப்போது வேண்டாம். தாய்ப்பாலை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ரத்தக் காரீயம் 40-க்குக் கீழே இருந்தால் தாய்ப்பால் கொடுக்கத் தொடங்கலாம் என்பதே அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் அறிவுரை. உங்கள் எண்ணை மருத்துவரிடம் காட்டி முடிவு செய்யுங்கள்.

மதிப்பெண்: ருசிக்கு 5-க்கு நாலரை. கையாள எளிமைக்கு 2. அறிக்கை இல்லாத சொம்புக்கு, குழந்தை எதிர்பார்க்கும் வீட்டில், பூஜ்யம். லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்குக் கீழ் என்று எழுத்தில் அறிக்கையுள்ள சொம்புக்கு 4.